சாய்ஸில் விட்ட துணைத் தலைவர்

பத்தொன்பது வருடம் பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்திய ஒரு டீச்சர், தலைவர் என்பவருக்கு என்ன அதிகாரம் உண்டு, எது கிடையாது என்று தெரியாமல் தெருவே பார்க்க மானம் போய் நின்றாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த டீச்சர் நான்தான். 'குடியரசுத் தலைவரின் அதிகாரங்களையும் அவற்றின் வரம்புகளையும் விவரி' என்ற ஐந்து மார்க் கேள்வியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உபதலைப்புகளோடு ஒப்பிப்பேன். அதே கேள்வி எங்கள் பிளாட் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அரை மார்க்கூடத் தேறவில்லை.

வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்வது இதுதான். "பிள்ளைங்களா, 'பெயரால்' என்கிற வார்த்தைக்குக் கீழே கோடு போடுங்க. நாட்டு நிர்வாகம் முழுக்க அவர் பெயரால் நடக்கும். அவரால் நடக்காது. அமைச்சரவை சொல்றபடிதான் அவர் நடக்கணும். ஒரு மசோதா பிடிக்கலைன்னா ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்தா கையெழுத்துப் போட்டே ஆகணும்." இவ்வளவும் சொல்லிவிட்டு, பாடத்தின் கடைசி அரைப் பக்கத்தைக் காட்டி, "துணைக் குடியரசுத் தலைவரைச் சாய்ஸ்ல விட்டுடுங்க, ரெண்டு மார்க்குக்கு மேல வராது" என்பேன். பிள்ளைகள் சந்தோஷமாக அந்த அரைப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிடுவார்கள். (நானும் என் புத்தகத்தில் அடித்துத்தான் வைத்திருந்தேன்.)

எங்கள் பிளாட் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. நாலு மாடி, பதினாறு வீடு, எப்போதும் ரிப்பேராக இருக்கும் ஒரு லிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் சங்கத்தின் பொதுக்குழு. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு நானும் மேலே போயிருந்தேன். மூன்றாவது விசிலுக்குக் கீழே இறங்கி, அணைத்துவிட்டு மறுபடி மூச்சு வாங்க ஏறிப் போனால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். "வாங்க தலைவரே" என்று யாரோ நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். ஆளாளுக்கு வேண்டாம் என்று தட்டிக்கழித்த பதவி, அந்த நிமிஷம் அங்கே இல்லாதவள் தலையில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் விவரமானவளாக இருந்தால் அப்போதே பெரிய கும்பிடாகப் போட்டிருப்பாள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நன்றியுரை ஆற்றினேன்.

அதே கூட்டத்தில் கமலா மாமி துணைத் தலைவர் ஆனார். மாமி அந்த நேரம் மொட்டைமாடி மூலையில் காய்ந்துகொண்டிருந்த வடாத்தைக் காக்கா கொத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் என்ன ஏதென்று கேட்காமல் தலையாட்டினார். அவருடைய கணவர் வரதன் சார்தான் செயலாளர். ஏதோ ஒரு அரசுத் துறையில் சட்டம், விதி எல்லாம் எழுதும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சங்க விதிமுறைகளை எழுதியதும் அவரே. நீல அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "சாவகாசமா படிச்சுப் பாருங்கோ டீச்சர்" என்றார்.

சாவகாசமாகத்தான் படித்தேன். ஒன்பதாம் விதிவரை படித்தேன். 'சங்கத்தின் ஆணைகள் யாவும் தலைவர் பெயரால் வெளியிடப்படும்' என்று அதில் இருந்தது. ஆகா, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று புத்தகத்தை மூடி டி.வி. மேல் வைத்துவிட்டேன். வருஷம் முழுக்கப் பிள்ளைகளைக் கோடு போட வைத்த அந்த வார்த்தைக்கு, எனக்கு என்று வந்ததும், கோடு போடத் தோன்றவில்லை.

அப்புறம் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. வாசல் கதவில் 'பிலோமினா ஆரோக்கியராஜ், தலைவர்' என்று பித்தளையில் பலகை. ஸ்கூட்டர் முன்பக்கம் 'தலைவர்' என்று சிவப்பில் ஒரு ஸ்டிக்கர். லஸ் சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார். "பிளாட் சங்கம்" என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை, போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார். என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து காபி கேட்பதென்றால்கூட, "ஜனாதிபதி அவர்களின் மேலான கவனத்துக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். எனக்கு அது கேலி என்று உறைக்கவில்லை.

இந்த இடத்தில் செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கேட்டுக்கு உள்ளே, படிக்கட்டை ஒட்டிய நிழலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். ஒன்பது வருடமாக அதே இடம். காலை ஏழு மணிக்குக் கரியைப் பற்றவைத்தால், பதினாறு வீட்டுத் துணியும் பக்கத்துப் பிளாட் துணியும் முடிய இருட்டிவிடும். வீட்டுக்காரர் தவறிய பிறகு அந்த வண்டியை வைத்துத்தான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள், இன்னொருத்தியை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிழலும், எல்லோரும் ஏறி இறங்கும் வாசலும்தான் அவளுடைய மொத்தக் கடை.

வரதன் சாருக்கு அந்த வண்டி கண்ணில் விழுந்த தூசி. பைக்கைத் திருப்ப முடியவில்லை என்று ஆறு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவார். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பேட்டிலும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதப்படும். எல்லோரும் போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். செல்வியும் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கரியைப் பற்றவைப்பாள். அந்த ஒரு வார்த்தையின் நிழலில்தான் அவள் ஆறு வருடமாகப் பிழைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

குடியரசு தினம் வந்தது. கொடி ஏற்றுவது தலைவரின் கடமை. (யோசித்துப் பார்த்தால் அது ஒன்றுதான் கடமை.) கஞ்சி போட்ட கதர்ப் புடவை கட்டிக்கொண்டு போய்க் கயிற்றை இழுத்தேன். முடிச்சு அவிழவில்லை. இன்னும் பலமாக இழுத்ததில் கொடியும் பூவும் சேர்ந்து என் தலையில் கொட்டின. கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை எப்படியாவது கைதட்டலாக மாற்றிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். தலையில் சாமந்தி இதழோடு மைக்கைப் பிடித்தேன். உழைக்கும் மக்கள், சமத்துவம், முகப்புரை என்று பேசிக்கொண்டே போனவள், கூட்டத்தின் ஓரத்தில் மிட்டாயை வாயில் போட்டபடி நின்ற செல்வியைப் பார்த்தேன்.

"செல்வியின் வண்டி இந்த இடத்தில் எக்காலத்துக்கும் இருக்கும். யாராலும் அசைக்க முடியாது. இது தலைவரின் உத்தரவு" என்று முழங்கினேன்.

கைதட்டல் வந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அப்படியே இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன். வரதன் சாரும் மெதுவாகக் கைதட்டினார். அதைக் கவனித்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. கையில் நீலப் புத்தகத்தோடு வரதன் சார் நின்றார்.

"நீங்க பேசினது ரொம்ப நன்னா இருந்தது டீச்சர். ஒரே ஒரு சின்ன சமாசாரம். அந்த மாதிரி உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"ஒன்பதாம் விதி இருக்கே சார். எல்லா ஆணையும் என் பெயரால்தானே?"

"பெயராலதான். உங்களால இல்லையே."

சமையலறையில் என் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது. (அவருக்கு இருமல் கிடையாது.) வரதன் சார் பத்தாம் விதியைத் திருப்பிக் காட்டினார். செயற்குழுவின் ஆலோசனைப்படியே தலைவர் செயல்படுவார். பதினொன்றாம் விதி. தீர்மானத்தைத் தலைவர் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதல் தர மறுக்கக் கூடாது.

"சார், இது அரசியலமைப்புச் சட்டம் மாதிரியே இருக்கே?"

"மாதிரி என்ன? அதைப் பாத்துண்டுதான் எழுதினேன். இவ்வளவு பெரிய நாட்டுக்கே போறும்னா, பதினாறு ஆத்துக்குப் போறாதா? உங்க சப்ஜெக்டாச்சே, ஒருதரம் பாத்தாலே புரிஞ்சுண்டிருப்பேள்னு நெனச்சேன்."

"சரி சார், தெரியாம பேசிட்டேன். விட்டுடுங்களேன். வண்டி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இத்தனை நாள் விட்டுண்டுதானே இருந்தேன்? இப்போ நீங்க எக்காலத்துக்கும்னு மைக்ல சொல்லிட்டேள். நான் சும்மா இருந்தா ஒத்துண்டா மாதிரி ஆயிடும் பாருங்கோ. அதனால தீர்மானமாவே போட்டுடறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அவர்களுக்கு அதற்கு அவசியமும் இல்லை.

ஒரே வாரத்தில் பழுப்பு உறையில் தீர்மானம் வந்தது. இஸ்திரி வண்டியை உடனடியாக வளாகத்திலிருந்து அகற்ற வேண்டும், தலைவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து ஆணை நடைமுறைக்கு வரும். நான் நாலு பக்கத்துக்குக் கருத்துரை எழுதித் திருப்பி அனுப்பினேன். அதில் புத்தர் வந்தார், ஏசு வந்தார், பிரெஞ்சுப் புரட்சிகூட வந்தது. செயற்குழு ஐந்து பேரும் கூடி, காபி ஆறுவதற்குள் மறுபரிசீலனை செய்துவிட்டார்கள். தீர்மானம் ஒரே ஒரு திருத்தத்தோடு திரும்பி வந்தது. 'வன்டி' என்று இருந்தது 'வண்டி' ஆகியிருந்தது. என்னை அறியாமல் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அப்போதுதான் என் பத்தொன்பது வருட அனுபவம் கைகொடுத்தது. கையெழுத்துப் போட்டே ஆகணும், சரி. எத்தனை நாளுக்குள் போடணும்? அரசியலமைப்பில் குடியரசுத் தலைவருக்குக் கெடு எதுவும் சொல்லப்படவில்லை. டி.வி. மேலிருந்த புத்தகத்தை எடுத்துப் பதினொன்றாம் விதியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வரதன் சார் ஓர் எழுத்துப் பிசகாமல் காப்பியடித்திருந்தார். கெடு இல்லை. உறையைக் கொண்டுபோய் பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். (அப்போதும் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சம் இருந்த அரைப் பக்கத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?)

கீழே போய் செல்வியிடம் சொன்னேன். "நான் கையெழுத்துப் போடாத வரைக்கும் உன்னை ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நீ போட மாட்டல்ல டீச்சர்?"

"செத்தாலும் போட மாட்டேன்."

"அப்பால எனக்கு இன்னா பயம்? நீ கீற, போதும்" என்று பெட்டியை எடுத்து என் சுடிதாரை அழுத்தித் தேய்த்தாள். பொண்ணுக்கு இரண்டாம் வருஷம் சேர்ந்தாகிவிட்டது என்றும், பக்கத்துச் சந்தில் இன்னொரு இடம் வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். "நீ சொன்னப்புறம் நான் எதுக்கு அங்க போவணும்?"

அந்த ஐந்து வாரம்தான் என் ஆட்சியின் பொற்காலம். வரதன் சாரை லிஃப்டில் பார்த்தால், "டீச்சர், அந்தக் கவர்..." என்று இழுப்பார். "பரிசீலனையில் இருக்கு சார்" என்பேன். அவர் ஆறு வருடம் கேட்ட வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுப்பதில் இருந்த சுகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

அப்போது பார்த்துக் கே.கே. நகரில் என் தங்கை புது வீடு கட்டி முடித்தாள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிறார், முந்தின நாளே வந்துவிடு என்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாள். பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். தலைவர் அப்படிப் போக முடியுமா? பிளாட் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு போட்டேன். 'தலைவர் அவர்கள் இரண்டு நாள் பயணமாக வெளியூர் செல்வதால் ஊரில் இருக்க மாட்டார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' மயிலாப்பூரிலிருந்து கே.கே. நகருக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். "இது வெளியூர்ப் பயணமாம்மா?" என்று என் மகள் நிஷா கேட்டாள். வரதன் சார் அந்த அறிவிப்புக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை ஆட்டோவிலிருந்து இறங்கினேன். படிக்கட்டு ஓரம் காலியாக இருந்தது. கரி சிந்திக் கறுத்துப்போன தரை மட்டும் இருந்தது. அறிவிப்புப் பலகையில் அதே தீர்மானம், புதுத் தாளில். 'தலைவர் பெயரால்' என்று கொட்டை எழுத்தில் ஆரம்பித்தது. கடைசியில் 'தலைவர் ஊரில் இல்லாமையால், விதி பன்னிரண்டின்படி, கமலா வரதராஜன், துணைத் தலைவர்' என்று கையெழுத்து.

விதி பன்னிரண்டு. புத்தகத்தின் கடைசி அரைப் பக்கம். தலைவர் இல்லாதபோது அவருடைய கடமைகளைத் துணைத் தலைவர் ஆற்றுவார். எத்தனை பிள்ளைகளை அந்த அரைப் பக்கத்தைக் குறுக்கே அடிக்க வைத்திருக்கிறேன்.

பையோடு நேரே மாமி வீட்டுக்குப் போனேன். "எப்படி மாமி கையெழுத்துப் போட்டீங்க?"

"அவர் நீட்டினார், போட்டேன்" என்றார் மாமி. "சாம்பார் கொதிச்சிண்டிருந்தது. என்னன்னு படிக்கலைம்மா. இப்போ பாரு, என் பட்டுப்புடவையை யார்கிட்ட குடுப்பேன்னு நானே முழிச்சிண்டிருக்கேன்."

கையெழுத்துப் போடுவதற்கென்றே இருக்கிற பெரிய பெரிய மாளிகைகளிலும் அடுப்பில் ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டுதான் இருக்கும்போல. எனக்கு மாமி மேல் கோபப்படக்கூட முடியவில்லை. வீட்டுக்கு வந்து, நீலப் புத்தகத்தை முதல் தடவையாகக் கடைசிவரை படித்தேன். தலைவர் பதவி விலகும் கடிதம் துணைத் தலைவருக்கு எழுதப்பட வேண்டும் என்று இருந்தது. எழுதினேன். மறுபடி போய் மாமியிடமே கொடுத்தேன். அவர் அதையும் படிக்காமல் உள்ளே திரும்பி, "ஏன்னா, டீச்சர் ஏதோ குடுக்கறா" என்றார்.

செல்வி எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மர் பெட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தாள். நிழல் கிடையாது. வண்டிக் காலில் ஒரு கிழிந்த குடையைக் கட்டியிருந்தாள். பக்கத்துச் சந்து இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்றாம். நான் தெருவைத் தாண்டிப் போவதைப் பிளாட் பால்கனிகளில் இருந்தெல்லாம் பார்த்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

"செல்வி, சத்தியமா நான் போடல. நான் இல்லாதப்ப..."

"தெரியும் டீச்சர். படிச்சு சொன்னாங்க. உன் பேரு போட்டுக்கீதாம், கையெத்து மாமியுதாம்." பெட்டியிலிருந்த சாம்பலை ஊதித் தள்ளினாள். "நீ நல்லதுக்குத்தான் சொன்ன. நான் தப்பா நெனிக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ஆறு வருசமா அந்த ஐயரு கத்திக்கினுதான் இருந்தாரு. ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. நீ அன்னிக்கு வாய மூடிக்கினு கொடிய மட்டும் ஏத்திட்டுப் போயிருந்தேன்னு வையி, நான் அங்கியே இருந்திருப்பேன்."

பத்தொன்பது வருடத்தில் எந்த மாணவியும் தலைவரின் வரம்புகளை இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. அழுதேன், வெட்கமில்லாமல் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள்தான், "போ டீச்சர், வெயில் அடிக்குது" என்று அனுப்பிவைத்தாள்.

அவள் இன்னும் அந்த வெயிலில்தான் நிற்கிறாள். பொண்ணு படித்து முடித்து வேலைக்குப் போகிறாள், 'வண்டிய வுட்டுடும்மா' என்கிறாளாம், இவள் கேட்பதில்லை. நான் துணி கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறாள், பழையபடி பேசுகிறாள். நான் ஏதாவது யோசனை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் பெட்டியை ஓங்கித் துணிமேல் வைப்பாள்.

என் வீட்டில் அவளுடைய வாக்கியம் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. யாருக்காவது உதவி செய்கிறேன் என்று நான் வாயைத் திறந்தால் போதும், "அம்மா, அவங்க இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்பாள் நிஷா. போன மாதம் தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் வீட்டில் சமைக்கிற லூர்து அம்மா, தான் குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டு ஓனர் இரண்டு வருடமாக முணுமுணுப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த ஆளை நான் பார்த்துப் பேச..." என்று ஆரம்பித்தேன். மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் என் தட்டில் ஒரு பெரிய மீன் துண்டை எடுத்துப் போட்டு, "சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். லூர்து அம்மா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.